குழுவில் போட்டால் தெரிவித்ததாகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொரோனா காலத்தில் வேறு வழியின்றி நாம் ஏற்றுக்கொண்ட ஒரு பழக்கம், தொற்று ஓய்ந்து ஆண்டுகள் ஆன பின்பும் பள்ளிகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் அப்படியே தங்கிவிட்டதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பள்ளிக் கல்வித் துறையின் கவனத்துக்கும் ஊரக வளர்ச்சித் துறையின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். மக்களுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒரு செய்தியை வாட்ஸ்அப் குழுவில் பதிவிட்டதுமே தெரிவிக்கும் கடமை முடிந்துவிட்டதாகக் கருதுவதுதான் அந்தப் பழக்கம். "எங்களுக்குத் தெரியாதே" என்று வந்து நிற்பவரிடம், "குரூப்பில் போட்டிருந்தோமே, பார்க்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கேட்கப்பட்ட மாத்திரத்தில், தெரிவிக்கத் தவறியவர் மேல் இருக்க வேண்டிய பழி தெரியாமல் போனவர் மேல் ஏறிவிடுகிறது. அவரும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போகிறார்.

தென்காசி மாவட்டத்தில் ஊரகப் பள்ளிகளில் பணியாற்றி, தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவன் நான். இப்போதும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்கு அழைக்கும்போது போய்வருகிறேன். விண்ணப்பங்கள் எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். கீழே எழுதுவன எல்லாம் அந்த அனுபவத்தில் கண்டவையே.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மார்ச் 27 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கியிருக்க வேண்டும். அது ஜூன் 1க்குத் தள்ளிப்போனது, பிறகு ஜூன் 15க்குத் தள்ளிப்போனது, ஜூன் 9 அன்று ரத்தே செய்யப்பட்டு அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த இரண்டரை மாதமும் பிள்ளைகளிடம் எதைப் படிக்கச் சொல்வது, எந்தத் தேதியைச் சொல்வது என்று தெரியாமல் ஆசிரியர்கள் தவித்தார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்க, வீட்டு வாசலுக்குப் போகவும் முடியாத நிலையில், வருகைப் பதிவேட்டிலிருந்த தொலைபேசி எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வகுப்புக்கொரு வாட்ஸ்அப் குழு தொடங்கியவர்கள் அவர்களே. அதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. சொந்தக் கைப்பேசி, சொந்த ரீசார்ஜ், சொந்த நேரம். கல்வித் தொலைக்காட்சியில் எந்தப் பாடம் எத்தனை மணிக்கு வருகிறது என்பதையும், சத்துணவுக்குப் பதிலாக வழங்கப்பட்ட உலர் உணவுப் பொருள்களை எந்த நாளில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் அந்தக் குழுக்கள்தாம் வீடுகளுக்குக் கொண்டுபோயின. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவதற்கு எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த நெருக்கடியின் உச்சத்தில்கூட, கையில் திறன்பேசி இல்லாதவர்களை நினைவில் வைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் இருந்தன என்பதை இன்று நாம் மறந்துவிட்டோம். 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சேது செயலியைத் தரவிறக்க முடியாத பட்டன் போன்காரர்களுக்கும் தரைவழித் தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கும் 1921 என்ற எண் தரப்பட்டது. அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து உடல்நிலை பற்றிக் கேட்டார்கள். 2021 மே மாதம், இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் மக்கள் அலைந்தபோது, தமிழக அரசு ட்விட்டரில் ஒரு கணக்கைத் தொடங்கிக் கோரிக்கைகளைப் பெற்றது. அதே வேளையில் 104 என்ற தொலைபேசி எண்ணும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ட்விட்டர் தெரிந்தவர் அதில் எழுதினார், தெரியாதவர் எண்ணைச் சுழற்றினார். தடுப்பூசியில் இதற்கு மாறாக நடந்தது. 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்கள் கோவின் தளத்தில் முன்பதிவு செய்தே ஊசி போட்டுக்கொள்ள முடியும் என்றார்கள். இணையம் இல்லாத மக்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. சில வாரங்களில் அந்த நிபந்தனை தளர்ந்து, ஜூன் 21 முதல் மையத்துக்கு நேரில் போய்ப் பதிந்துகொள்ளும் வழி அனைவருக்கும் கிடைத்தது. அதாவது, நோய் வாட்டிய காலத்தில் தவறு நடந்தபோது கேட்க ஆள் இருந்தார்கள், திருத்தவும் செய்தார்கள். இப்போது நடக்கும் தவறு சிறிது சிறிதாக, ஊர் ஊராக நடப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனாவை உலகளாவிய சுகாதார நெருக்கடிப் பட்டியலிலிருந்து விலக்கியது. முகக்கவசம் போயிற்று, இ-பாஸ் போயிற்று, தரையில் வரைந்த வட்டங்கள் மழையில் கரைந்தன. குழுக்கள் மட்டும் கலையவில்லை. கலைய வேண்டியதும் இல்லை. அவை கூடுதல் வசதியாக இருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் அவை வந்த பிறகு, அதற்கு முன்பிருந்த வழிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. பள்ளி வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் பழைய தாள்கள் மஞ்சளித்துத் தொங்குகின்றன. பெற்றோர் கையெழுத்துக்காகப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பும் சுற்றறிக்கை நின்றுவிட்டது. வீட்டுக்குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லும் வழக்கமும் பல பள்ளிகளில் மறைந்துகொண்டிருக்கிறது.

இதனால் விளைந்த ஒரு நட்டத்தைச் சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம், அங்குள்ள ஆசிரியர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு சிறுமி. அவளுடைய அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கு அந்த ஆண்டு விண்ணப்பம் கோரப்பட்டபோது, அந்தச் சிறுமி காய்ச்சலில் படுத்திருந்தாள். விண்ணப்பத்தைக் கொடுக்கக் கடைசி நாள் எது, என்னென்ன சான்றுகள் வேண்டும் என்ற செய்தி வகுப்புக் குழுவில் போடப்பட்டது. அந்தக் குழுவில் இருந்தது திருப்பூரில் இருக்கும் அப்பாவின் எண். அவர் இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்து பார்க்கும்போது, அதற்கு மேல் வந்து குவிந்த காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் அந்தச் செய்தி கிடந்திருக்கிறது. அவர் பார்க்கவில்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பீடிக் கடையில் இலை வாங்கப் போன இடத்தில் வேறொரு பிள்ளையின் தாய் சொல்லித்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. அதற்குள் கெடு முடிந்திருந்தது. அந்தத் தேர்வில் தேர்ச்சி பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வரும். நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுதக்கூடிய தேர்வு அது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதற்கும் வழியில்லை.

அந்தத் தாய் பள்ளிக்குப் போய்க் கேட்டபோது கிடைத்த பதிலைத்தான் இக்கடிதத்தின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒரு செய்தி குழுவில் விழுவதற்கும் அது ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கும் இடையில் எத்தனை தடைகள் இருக்கின்றன என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது பணம். 2024 ஜூலையில் தனியார் தொலைபேசி நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. ஒரு நிறுவனத்தில் 155 ரூபாயாக இருந்த 28 நாள் திட்டம் 189 ரூபாய் ஆனது. வீட்டில் இரண்டு மூன்று எண்கள் இருந்தால், கூலி வேலைக்குப் போகும் குடும்பம் எந்த எண்ணுக்கு முதலில் போடுவது என்று யோசிக்கத்தான் செய்யும். இணையம் தேவைப்படாதவர்கள் அதற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கிறதே என்று கருதித்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டங்களை நிறுவனங்கள் வழங்கியாக வேண்டும் என்று ஆணையிட்டது. இணையமே இல்லாத கைப்பேசி இணைப்பு என்பது இந்த நாட்டில் இன்றும் கோடிக்கணக்கானோரின் நடைமுறை என்று ஓர் ஆணையம் ஒப்புக்கொண்டு அதற்கு வழிசெய்கிறது. நம் ஊர்ப் பள்ளியும் ஊராட்சியும் அப்படிப்பட்டவர் எவரும் இல்லை என்பதுபோல் நடந்துகொள்கின்றன.

இரண்டாவது, எண் மாறிப்போவது. ஒரு சிம் கார்டு ஏறத்தாழ மூன்று மாதம் பயன்படுத்தப்படாமல் இருந்தால் அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டு, சில காலம் கழித்து அதே எண் வேறொருவருக்குக் கொடுக்கப்படுகிறது. ஆறாம் வகுப்பில் சேரும்போது கொடுத்த எண் எட்டாம் வகுப்புக்குள் யாரோ முன்பின் தெரியாதவரின் எண்ணாகியிருக்கக்கூடும். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், மதிப்பெண், சில நேரங்களில் சாதிச் சான்று பற்றிய விவரம்கூட அந்தக் குழுக்களில் வலம்வருகின்றன என்பதை நினைத்தால் எனக்கு அச்சமாகவே இருக்கிறது. மூன்றாவது, குழுவின் தன்மை. இடையில் சேர்க்கப்படும் ஒருவருக்கு அதற்கு முன் போடப்பட்ட செய்திகள் பொதுவாகத் தெரிவதில்லை. ஆண்டு நடுவில் பள்ளி மாறி வந்த பிள்ளையின் பெற்றோர் சேரும்போது, எல்லாருக்கும் தெரிந்த செய்தி அவர்களுக்கு மட்டும் தெரியாது. பல குழுக்களில் நிர்வாகி மட்டுமே எழுத முடியும் என்று அமைத்துவிடுவதால், புரியாததைத் திரும்பக் கேட்கவும் வழி கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கைப்பேசி வீட்டில் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. தமிழகம் இதைவிட மேலான நிலையில் இருந்தது. நிலைமை அதற்குப் பிறகு மாறியும் இருக்கும். ஆனாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. பிள்ளையின் படிப்பைக் கவனிப்பவர், பள்ளிக் கூட்டத்துக்கு வருபவர், தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பவர் பெரும்பாலும் தாய். குழுவில் இருக்கும் எண்ணோ பெரும்பாலும் தந்தையுடையது. செய்தி ஒருவருக்குப் போகிறது, பொறுப்பு இன்னொருவரிடம் இருக்கிறது.

நிறுவனங்கள் ஏன் இந்த வழியை விட மறுக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. எந்தக் கைப்பேசிக்கும், இணையம் இல்லாமலே போய்ச் சேரக்கூடியது குறுஞ்செய்தி. ஆனால் தொல்லை தரும் விளம்பரச் செய்திகளையும் மோசடிச் செய்திகளையும் தடுப்பதற்காக, மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவோர் தங்கள் பெயரையும் அனுப்பப்போகும் வாசகத்தின் வடிவத்தையும் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி 2021 மார்ச் முதல் கடுமையாக்கப்பட்டது. நல்ல நோக்கமுள்ள விதிதான். ஆனால் ஓராசிரியர் பள்ளியோ சிறிய பால் உற்பத்தியாளர் சங்கமோ அந்தப் பதிவுகளைச் செய்துகொண்டிருக்க முடியாது. மேலும் தமிழில் எழுதினால் ஒரு குறுஞ்செய்திக்கு 70 எழுத்துக் குறிகளே இடம்பெறும், ஆங்கிலத்தில் 160. தமிழில் நான்கு வரி எழுதினாலே இரண்டு மூன்று செய்திகளுக்கான கட்டணம் ஆகிவிடும். வாட்ஸ்அப் குழுவுக்குக் கட்டணமும் இல்லை, அனுமதியும் வேண்டாம். அதோடு, மேலதிகாரி கேட்டால் திரையைப் படம்பிடித்து "இன்ன தேதியில் தெரிவித்துவிட்டோம்" என்று காட்டவும் முடிகிறது. யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எந்த மேலதிகாரியும் கேட்பதில்லை என்பதுதான் இதில் பெரிய குறை.

ஊராட்சிகளின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் இளமையில் ஊரில் எந்தச் செய்தியானாலும் தண்டோரா போட்டுத்தான் சொல்வார்கள். அந்த வேலையை யார் தலையில் கட்டினார்கள், எந்தத் தெருவில் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பறையடிக்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் நேரில் கண்டவன் என்ற முறையில், 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் திரு. வெ. இறையன்பு அவர்கள் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தபோது நான் நெகிழ்ந்துபோனேன். இன்னும் பல ஆண்டுகள் முன்பே செய்திருக்க வேண்டிய செயல் அது. அந்தக் கடிதம் மாற்று வழியையும் சொல்லியிருந்தது: ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களைக் கொண்டு மூலைமுடுக்குகளுக்கெல்லாம் செய்தியைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதே அது. எங்கள் பகுதியில் தண்டோரா நின்றது. அதன் இடத்துக்கு ஒலிபெருக்கி வாகனம் வரவில்லை, ஊராட்சியின் வாட்ஸ்அப் குழுதான் வந்தது. குடிநீர் வராத நாள், வீட்டுவரி முகாம், நூறு நாள் வேலைக்கான அறிவிப்பு எல்லாம் அதில்தான் வருகின்றன. கிராமசபைக் கூட்டம் முன்பு ஆண்டுக்கு நான்கு முறை நடந்தது, இப்போது ஆறு முறை. எண்ணிக்கை கூடியும், எங்கள் ஊர்க் கிராமசபையில் வந்து அமர்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழுவில் இருப்பவர்களாகவே இருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்கு வரும் மூதாட்டிகள், ஊருக்குப் புறத்தே இருக்கும் குடியிருப்பினர் ஆகியோரை அங்கே காண்பது அரிதாகிவிட்டது. ஒலிபெருக்கிக்கு யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற அதிகாரம் கிடையாது. குழுவின் நிர்வாகிக்கு அந்த அதிகாரம் உண்டு. ஊராட்சியைக் குறை கூறி எழுதியவர்களைக் குழுவிலிருந்து நீக்கிய சம்பவங்களும் எங்கள் பக்கத்து ஊர்களில் நடந்திருக்கின்றன. ஒரு குடிமகனை ஊர்ச் செய்தியிலிருந்தே நீக்குவது அல்லவா அது?

நீதிமன்றம் இந்தப் பிரச்சினையைக் கையாண்ட விதம் மற்றத் துறைகளுக்குப் பாடமாக வேண்டும். ஊரடங்கின் நடுவே, 2020 ஜூலை 10 அன்று, அழைப்பாணைகளையும் அறிவிப்புகளையும் மின்னஞ்சல், தொலைநகல், வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்ப உச்ச நீதிமன்றம் இசைவளித்தது. அஞ்சலகத்துக்குப் போவதே கடினமாக இருந்த நாள்கள் அவை. அப்போதுகூட, செயலியில் அனுப்புகிறவர் அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்பியாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஒற்றை வழியை அது நம்பவில்லை. பின்னர் 2025 ஜனவரி 21 அன்று, விசாரணைக்கு வரச் சொல்லிக் காவல்துறை தரும் அறிவிப்பை வாட்ஸ்அப் முதலிய மின்னணு வழிகளில் அனுப்புவது, சட்டம் வகுத்துள்ள முறைக்கு மாற்றாகாது என்று அதே நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஒருவருடைய சுதந்திரம் சம்பந்தப்பட்ட அறிவிப்பு அவர் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்ற அந்தக் கொள்கை, ஓர் ஏழைச் சிறுமியின் படிப்புதவித் தொகைக்கும் ஒரு முதியவரின் ஓய்வூதிய நேர்காணலுக்கும் ஏன் பொருந்தக் கூடாது என்று நான் கேட்கிறேன்.

இவ்வளவும் எழுதுவதால் புதிய கருவிகளை வெறுக்கும் முதியவன் என்று என்னை யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த ஊரடங்கில்தான் எங்கள் தெருவில் எழுத்தே அறியாத பாட்டிமார்கள் குரல் பதிவு அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு முன் வெளியூரில் இருக்கும் மகனிடம் பேச வேண்டுமானால் பேரப்பிள்ளையைக் கெஞ்சி எண்ணை அழுத்தச் சொல்ல வேண்டும். அவன் எடுக்காவிட்டால் அத்தோடு சரி. ஒலிவாங்கிப் படத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் போதும் என்று தெரிந்த பிறகு, அவன் எப்போது ஓய்வாக இருக்கிறானோ அப்போது கேட்டுக்கொள்ளட்டும் என்று மனத்தில் உள்ளதையெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் நாளொன்றுக்குச் சராசரியாக 700 கோடிக் குரல் பதிவுகள் அனுப்பப்படுவதாக அந்நிறுவனமே 2022 மார்ச்சில் தெரிவித்தது. கடிதம் எழுதத் தெரியாததால் வாழ்நாள் முழுதும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு இது பெரிய விடுதலை. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் சாவு வீட்டுக்குப் போக முடியாமல் போனவர்கள், காணொளி அழைப்பிலாவது முகத்தைப் பார்த்து அழுதார்கள். துக்கம் கேட்கப் போகாமல் இரண்டு கைகள் கூப்பிய படத்தை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளும் வழக்கமும் அப்போதுதான் வந்தது. அது குடும்பத்துக்குக் குடும்பம் தீர்த்துக்கொள்ள வேண்டியது, அதில் அரசுக்கு வேலையில்லை.

ஆனால் இந்தக் குரல் பதிவு என்னும் வசதியை நம் அலுவலகங்கள் ஏன் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஊராட்சிக் குழுவிலும் பள்ளிக் குழுவிலும் வருபவை பெரும்பாலும் மேலிடத்துச் சுற்றறிக்கையின் மங்கலான படங்கள், அல்லது திறக்கத் தெரியாத பிடிஎஃப் கோப்புகள். பல ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. தமிழில் இருப்பவையும், "பார்வையில் காணும் கடிதத்தின்படி" என்று தொடங்கி, பொருளுக்கு வருவதற்குள் படிப்பவரைச் சோர்வடையச் செய்கின்றன. "வரும் வெள்ளிக்கிழமைக்குள் வருமானச் சான்றோடு பள்ளிக்கு வாருங்கள்" என்று வகுப்பாசிரியர் தம் குரலில் அரை நிமிடம் பேசி அனுப்பினால், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அது விளங்கும்.

ஆசிரியர்களின் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இரவு பத்து மணிக்கு மேலிடத்திலிருந்து "உடனடி" என்று ஒரு படிவம் குழுவில் வந்து விழுகிறது. மறுநாள் காலைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். பெண் ஆசிரியர்களின் சொந்த எண்கள் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தெரிந்துவிட்டதால் அவர்கள் படும் தொல்லை வெளியே சொல்ல முடியாதது. போர்ச்சுகல் நாடு 2021இலும் ஆஸ்திரேலியா 2024இலும் வேலை நேரம் முடிந்த பின் பணியாளரைத் தொந்தரவு செய்வதற்கு எதிராகச் சட்டமே இயற்றின. அப்படியொரு வரம்பு இங்கும் வந்தால், இரவில் போட்டுவிட்டுக் காலையில் "பார்க்கவில்லையா?" என்று கேட்கும் போக்கு தானாகவே குறையும்.

எனவே பள்ளிக் கல்வித் துறையையும் ஊரக வளர்ச்சித் துறையையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். ஒருவருடைய உரிமையோ உதவித்தொகையோ கெடு தேதியோ சம்பந்தப்பட்ட எந்த அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வெளியிடப்பட்டால் அது முறையான அறிவிப்பு ஆகாது என்று எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும். பள்ளியானால், அதே நாளில் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, வகுப்பில் வாசித்து, பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதச் செய்து பெற்றோரின் கையெழுத்தைப் பெற வேண்டும். கையெழுத்து வராத சில வீடுகளுக்கு மட்டும் தொலைபேசியில் பேசினால் போதும். முப்பது நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அப்படிப் பேச வேண்டியவர்கள் ஒரு சிலரே இருப்பார்கள் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். ஊராட்சியானால், 2022ஆம் ஆண்டுக் கடிதம் சொன்ன ஒலிபெருக்கி வாகனத்தை, குறைந்தது கிராமசபைக்கும் நலத்திட்ட முகாம்களுக்குமாவது, புறத்தே உள்ள குடியிருப்புகள் வரை ஓட்ட வேண்டும். அதற்கான வாடகையை ஊராட்சியின் பொது நிதியிலிருந்து செலவிடத் தயங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் தாயின் எண்ணையும் கேட்டுப் பெற்று, பழைய எண்கள் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளும் உள்ளாட்சிகளும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு மாநில அளவில் ஒரே பதிவின் கீழ் கட்டணமில்லாத ஏற்பாடு ஒன்றைத் தகவல் தொழில்நுட்பத் துறை செய்து கொடுத்தால், தனித்தனியே பதிவுசெய்யும் சுமை எவருக்கும் இருக்காது.

செய்தி போய்ச் சேராததால் கெடு தவறியவர்களின் விண்ணப்பங்களை, தகுந்த காரணம் இருப்பின், ஒரு வாரம் வரை தாமதமாக ஏற்றுக்கொள்ளும் அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வழங்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை. இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான அறிவிப்பு வரும் முன்பே அந்த உத்தரவு வெளியானால், எங்கள் வட்டாரத்தில் பீடி சுற்றும் தாய்மார்கள் பலரின் பிள்ளைகளுக்கு அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.